முகைதீன்பாவா என்கிற இடர்

முகைதீன்பாவா பாண் சுடும் செங்கல் அடுப்பான போறணை ஒரு வியாழக்கிழமை பின்னேரம் இடிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குக் கல்முனைக் கடற்கரைப் பள்ளி வீதி முழுக்கக் குப்புறப் படுத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சத்தம் கேட்டால் முதலில் படுப்பது, பிறகு என்ன சத்தம் என்று விசாரிப்பது என்பதில் ஊருக்கு நல்ல பழக்கம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பி, சாரனில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். சென்றிக் காவலில் நின்ற இரண்டு ஆமிக்காரர்களும் வந்து, துவக்கை நீட்டியபடி போறணையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே செங்கல்லும் சாம்பலும் பாதி வெந்த பாணும் கலந்து கிடந்தன. ஒருவன் துவக்கு நுனியால் ஒரு பாணைக் குத்திப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் "வேகல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். விசாரணை அத்துடன் முடிந்தது.

முகைதீன்பாவா தலையில் கைவைத்துக்கொண்டு விறகுக் கட்டின் மேல் குந்தினார். ஊர் அவரைப் பாண் பாவா என்றுதான் கூப்பிடும். விடிய முன்னர் எழும்பி மா பிசைவார். இரவில் விறகு அடுக்கிவிட்டுப் படுப்பார். இரண்டுக்கும் நடுவில் யாரோடாவது ஏசுவார். அவருக்குத் தெரிந்த வாழ்க்கை அவ்வளவுதான். போறணை விழுந்த மறுகிழமையே வேலையாட்களில் ஒருவன் சவூதிக்குப் போனான். மற்றவன் சாய்ந்தமருதுப் பேக்கரி ஒன்றுக்குப் போனான். பாவாவுக்குப் போவதற்கு இடமில்லை.

புதிய போறணை கட்டச் செங்கல் வேண்டும், இரும்புக் கதவு வேண்டும், புகைக்கூடு வேண்டும். வட்டிக்கு வாங்கலாம் என்று சொன்னவர்களிடம், "வட்டிக் காசில கட்டின போறணையில சுட்ட பாண நானே தின்ன மாட்டன், ஊருக்கு எப்பிடிக் குடுக்கிற?" என்று பாய்ந்தார். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், பேங்கில் வட்டியில்லாத காசு வந்திருக்கிறது, குளிர்தேசம் ஒன்றிலிருந்து சிறுதொழில் செய்கிறவர்களுக்காக அனுப்பியிருக்கிறார்கள் என்று. பாவா பெருநாள் சேட்டைப் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனார்.

மனேஜர் நல்லரெத்தினம் காரைதீவுக்காரர். பென்சனுக்கு இன்னும் எத்தனை வருசம் என்பதைத் தவிர வேறு எதையும் பெரிதாக யோசிக்காத நல்ல மனிதர். பாவாவின் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம் பாவா, இந்தக் காசுக்கு வட்டி இல்ல. ஆனா வட்டிக்குப் பதிலா மஜீட் தம்பி இருக்கார்."

ஜன்னலோரத்து மேசையில் மஜீட் இருந்தார். மருதமுனைப் பிள்ளை. கொழும்பில் குளிரூட்டிய ஹோட்டல் ஒன்றில் பயிற்சி முடித்துவிட்டு, கழுத்துப் பட்டியோடும் சளித் தடிமனோடும் திரும்பியிருந்தார். இரண்டும் இன்னும் விட்டபாடில்லை. அவருடைய பதவி 'இடர் மதிப்பீட்டு அதிகாரி'. மேசையிலிருந்த பெயர்ப் பலகை சின்னது என்பதால் அதில் 'இடர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இருங்க காக்கா," என்று மூத்தவரை அழைக்கும் முறையில் சொன்னார் மஜீட். "முந்தி பேங்க் என்ன கேட்டிச்சி? காசத் திருப்பித் தருவானா எண்டு மட்டும்தான் கேட்டிச்சி. அது அறியாமைக் காலம். இப்ப நாங்க அதக் கேக்கிறல்ல."

"அப்ப என்னத்தக் கேப்பீங்க?"

"மத்த எல்லாத்தையும் கேப்பம்."

சுற்றாடல், சமூகம், நல்லாட்சி என்று மூன்று விரலை விரித்துக் காட்டினார். ஒரு தொழிலால் காற்றுக்கு என்ன கேடு, ஊருக்கு என்ன கேடு, அந்தத் தொழிலை நடத்துகிறவன் ஒழுங்காக நடத்துகிறானா என்று பார்த்துத்தான் இனிக் காசு கொடுப்பார்களாம்.

"தம்பி, நான் பாண் சுடுறவன்."

"பாண் எண்டு நீங்க சொல்றீங்க காக்கா. நாங்க அத உயர்வெப்பக் கைத்தொழில் எண்டு சொல்றம். சரி, ஒங்கட தொழிலுக்கு என்னென்ன இடர் இரிக்கி? மனந்தொறந்து சொல்லுங்க."

பாவா மனந்திறந்து சொன்னார். ஊரடங்கு போட்டால் பாண் விற்க ஏலாது. விறகுக்குக் காட்டுப் பக்கம் போனவன் திரும்பி வருவது அல்லாஹ்வின் கையில். மா லொறி செக்பொயின்டில் நின்றே புழுத்துப் போகும். ஷெல் அடிக்கிற நாளில் கை நடுங்கி உப்புக் கூடிவிடும்.

மஜீட் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

"யுத்தம் இதில இல்ல காக்கா. இது அவங்கட ஊர்ல எழுதின பட்டியல். பனிச்சரிவு இரிக்கி. ஒங்கட பக்கம் பனிச்சரிவு வாறயா?"

"மார்கழியில கொஞ்சம் பனி பெய்யும்."

"அப்ப ஓரளவு எண்டு போடுறன்."

முதலில் சுற்றாடல். மஜீட் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு மட்டை. அதில் வெள்ளையில் தொடங்கிக் கன்னங்கரேலென்று முடிகிற ஐந்து கட்டங்கள். கையை நீட்டி மட்டையைப் பிடித்து, புகையின் நிறத்தை அதிலுள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டுமாம்.

"போறணை இடிஞ்சி போச்சே தம்பி. அதுக்குத்தானே கடன்."

"புகையப் பாக்காமக் கடன் தர ஏலா."

"கடன் தராமப் புகை வராதே."

மஜீட் யோசித்தார். பிறகு 'விண்ணப்பதாரர் ஒத்துழைக்கிறார் இல்லை' என்று எழுதப் போனார். பாவா பயந்துபோய், இடிந்த செங்கல்லுக்குள் ஒரு குழியைத் தோண்டி, ஈரத் தேங்காய்த் தும்பும் பச்சை விறகும் போட்டு மூட்டினார். புகைக்கூடு விழுந்துவிட்டபடியால் புகைக்கு எந்த வழியால் போவது என்று தெரியவில்லை. வாயால் வந்தது, வெடிப்பால் வந்தது, கூரைத் தகரத்தின் இடுக்கால் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று அடித்தது. மஜீட் கையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றார். புகை தெரிந்தபோது மட்டை தெரியவில்லை. பிறகு கையும் தெரியவில்லை. உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்டது.

பாவாவின் மனைவி சரீபா ஓடிவந்து அவரைக் கையில் பிடித்து இழுத்தெடுத்து, கிணற்றடியில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். மஜீட் தன் வெள்ளைச் சேட்டையும் மட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நாலாம் கட்டம்" என்று முடிவு சொன்னார். இடிந்த போறணை அளவுக்கு மீறிப் புகைக்கிறது என்றும், ஆகவே இடியாத போறணை சுற்றாடலுக்கு நல்லது என்றும் எழுதினார். பாவாவுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் மஜீட் விடவில்லை.

"வாற புகைய உறிஞ்ச ஒரு காடு வளக்கணும் காக்கா."

பாவாவிடம் இருந்த நிலம் கிணற்றுக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு. அதில் ஒரு மாஜரீன் தகரத்தை வைத்து முருங்கைக் கொப்பு ஒன்றை ஊன்றினார். 'வனவளர்ப்பு ஆரம்பம்' என்று மஜீட் பதிந்தார். மறுநாள் பக்கத்து வீட்டு ஆடு வந்து கொப்பைத் தின்றது. அதைப் பார்க்க வந்த மஜீட், 'வனவிலங்கு நடமாட்டம் உண்டு' என்று சேர்த்துக்கொண்டார்.

அடுத்தது சமூகம். தொழிலால் பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். ஆட்டோ ஒன்றில் ஒலிபெருக்கியைக் கட்டி, "முகைதீன்பாவாவின் போறணையால் பாதிக்கப்பட்டோர் அனைவரும் சனிக்கிழமை வாசிகசாலை மண்டபத்துக்கு வரவும்" என்று பாண்டிருப்பு வரைக்கும் அறிவித்தார்கள்.

அந்த நாட்களில் பாதிக்கப்பட்டோர் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். அரிசி, பருப்பு, தகரம், சில நேரம் பாய். சனிக்கிழமை காலையில் பாவா போய்ப் பார்த்தபோது வாசிகசாலையிலிருந்து பிரதான வீதி வரைக்கும் சனம். எல்லார் கையிலும் குடும்ப அட்டை, உரப்பை. பாலமுனையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, முதல் ஆளாக நின்றார்.

"எங்கட வீட்டுக் கூர போச்சி தம்பி."

"எப்ப?" என்றார் மஜீட், பேனையைத் திறந்தபடி.

"சூறாவளியில."

"அது எழுவத்தெட்டில வந்த சூறாவளியெல்லோ?"

"ஓம். அண்டையில இருந்து ஒருத்தரும் கேக்கல்ல. நீங்கதான் இப்ப கேக்கிறீங்க. அல்லா ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

மஜீட் எழுதிக்கொண்டார். ஒரு பெண்ணின் கோழி அடைகாக்க மறுத்திருந்தது. ஒருவரின் மருமகன் மூதூருக்குப் போனவன் திரும்பவில்லை. இறக்காமத்திலிருந்து வந்தவர் தன் வயலை யானை தின்றதாகச் சொன்னார்.

"காக்கா, கல்முனைப் புகை இறக்காமத்துக்கு வருமா?"

"வராது தம்பி. அதானே நானும் சொல்றன். புகை வந்தா யான வராது. இந்தாளுட புகை வராததால யான வருது. அதுவும் பாதிப்புத்தானே?"

மஜீட் அதையும் எழுதினார். பாவா ஒவ்வொருவர் சொல்வதையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பாண் சுட்டு இவ்வளவு பேரைத் தான் நாசமாக்கியிருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் பாண்டிருப்பிலிருந்து வந்த கனகேஸ்வரி எழும்பினாள். புருசன் கடலுக்குப் போகிறவன். வீட்டில் நாலு பிள்ளைகள். "நான் உள்ளதச் சொல்றன்," என்று தொடங்கினாள். "இந்தக் காக்காட பாண் நிண்ட நாளில இருந்து நான் இருட்டோட எழும்பிப் புட்டு அவிக்கன். மனிசன் வெறுவயித்தோட கடலுக்குப் போகுது. பாதிப்பெண்டா இதுதான்."

"அக்கா, பாண் இருக்கிறதால வாற பாதிப்பச் சொல்லுங்க. பாண் இல்லாததால வாற பாதிப்பு இதில இல்ல."

"ஏன் இல்ல?"

மஜீட் பட்டியலைப் புரட்டினார். ஏன் இல்லை என்பதும் அதில் இல்லை. அவள் குரல் மற்ற எல்லாக் குரலையும் விட உரத்திருந்தபடியால், அவளைச் 'சமூகப் பிரதிநிதி' என்று பதிந்துகொண்டு கூட்டத்தை முடித்தார்.

அரிசியும் பருப்பும் வராது என்று தெரிந்ததும் சனம் கதிரைகளைத் தூக்கத் தொடங்கியது. பாவா சைக்கிளில் பறந்துபோய்ச் சாய்ந்தமருதுப் பேக்கரியிலிருந்து பெட்டி பெட்டியாகப் பணிஸ் வாங்கிவந்து, தன் பாணால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தார்.

மூன்றாவது நல்லாட்சி. மஜீட் கடைக்கு வந்து மா மூட்டையில் உட்கார்ந்தார்.

"இந்தக் கடையில முடிவெடுக்கிற யாரு?"

"நான்."

"கணக்குப் பாக்கிற?"

"நான்."

"ஒங்களத் தட்டிக் கேக்கிற?"

பாவா கதவுப் பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ."

"அது எழுத்தில இரிக்கா?"

"இல்ல."

"காக்கா, கோவிக்காதீங்க. இதுக்குப் பேர் சர்வாதிகாரம்."

ஒரு பணிப்பாளர் சபை அமைக்க வேண்டும் என்றார். கடைச் சொந்தக்காரர் தவிசாளராக இருக்க ஏலாது. ஆகவே சரீபா தவிசாளர். சமூகத்தின் பெயரில் கனகேஸ்வரி. இவர்களோடு ஒரு சுயாதீனப் பணிப்பாளர் கட்டாயம் வேண்டும்.

"அப்பிடியெண்டா?"

"ஒங்களால ஒரு நன்மையும் அடையாத ஆள். ஒங்கட பாணத் தின்னாத ஆள். ஒங்கள்ல ஒரு சொட்டு விருப்பமும் இல்லாத ஆள்."

மஜீட் கல்முனை முழுக்கத் தேடினார். பாவாவில் விருப்பம் இல்லாத ஆட்கள் தாராளமாக அகப்பட்டார்கள். ஆனால் அத்தனை பேரும் அவருடைய பாணைத் தின்றிருந்தார்கள். கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து சரீபாவின் குரல் வந்தது.

"எங்கட ராத்தா இரிக்கா."

பாவாவின் முகம் போறணை மாதிரி இடிந்தது.

சரீபாவின் அக்காவான அந்த ராத்தாவின் பெயர் சித்தி லைலா. மருதமுனைச் சாரிகளை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவள். அவளுடைய மகனின் சுன்னத்துக் கலியாணத்துக்குப் பாவா கொடுத்த பாண் பிந்திப் போனது, கல்லுப் போலவும் இருந்தது. அவள் அதை விருந்துச் சபையில் வைத்துச் சொல்லிவிட்டாள். பாவா, "பல்லில்லாத ஆக்களுக்கு நான் பாண் சுடுறல்ல" என்றார். அவளுக்கு அப்போது ஒரே ஒரு பல்தான் விழுந்திருந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

"உறவெண்டா பொருந்தாதே," என்று மஜீட் இழுத்தார்.

"ஏழெட்டு வருசமாக் கதைக்கிறல்ல தம்பி," என்றாள் சரீபா.

"அப்ப உறவு நடைமுறையில இல்ல. பொருந்தும்."

சபை கடைக்குள் கூடியது. சித்தி லைலா தன் வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு பலகைக்கட்டையைக் கொண்டுவந்து போட்டு அதில் இருந்தாள். மச்சானின் வீட்டுக் கதிரையில் இருந்தால் சுயாதீனம் போய்விடும் என்றாள். மஜீட்டுக்குப் புல்லரித்தது.

"முதல் விசயம், இந்த நிறுவனத்துட பிரதான இடர இனங்காணுறது," என்று அவர் தொடக்கி வைத்தார்.

"புகைதானே தம்பி," என்றார் பாவா. "மறுகா பழைய போறணைச் சுவர்ல இருந்த அந்த வெடிப்பு. மா வெல..."

சித்தி லைலா அவரைப் பார்க்காமல் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னாள்: "தவிசாளர் அவர்களே, இந்தக் கடைட பெரிய இடர் அந்தா அந்த மா மூட்டையில குந்திக்கிட்டு இரிக்கி."

எல்லாரும் மா மூட்டையைப் பார்த்தார்கள். அதில் பாவா இருந்தார்.

"அந்த வெடிப்பு வந்து எவ்வளவு காலம்? சரீபா, நீ சொல்லு. களிமண்ண அப்பிப் போட்டு, பிஸ்மி சொல்லிட்டு விட்டவரு யாரு? ஆள் உள்ளுக்கு நிக்கக்குள்ள விழுந்திருந்தா?"

கனகேஸ்வரியும் சேர்ந்துகொண்டாள். "நேத்தயப் பாண் குறைச்ச விலைக்கு இருக்கா காக்கா எண்டு கேட்டா, நாளையப் பாண் தரட்டா எண்டு கேக்கார். சனத்தோட கதைக்கிற கதையா அது?"

மஜீட் வாக்கெடுப்புக்கு விட்டார். கனகேஸ்வரி கை தூக்கினாள். சித்தி லைலா இரண்டு கையையும் தூக்கினாள். ஒன்றைத்தான் எண்ணலாம் என்று மஜீட் தாழ்மையோடு சொன்னார். பாவா மனைவியைப் பார்த்தார். முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல மேலே வந்தது.

"சரீபா!"

"தவிசாளர் எண்டு சொல்லுங்க காக்கா," என்றார் மஜீட்.

பிறகு அவர் எழும்பி நின்று பேசினார். கழுத்துப் பட்டியை நேராக்கிக்கொண்டார். "கொழும்பில பெரிய பெரிய கொம்பனியெல்லாம் வருசக்கணக்கா இடரத் தேடுறாங்க. அது எப்பவும் வெளியில இருந்துதான் வருது எண்டு சொல்லுவாங்க. மழையில இருந்து வருதாம், அரசாங்கத்தில இருந்து வருதாம். நீங்க ஒரே பின்னேரத்தில வீட்டுக்குள்ளயே கண்டு புடிச்சிட்டீங்க. காக்கா, பெருமப்படுங்க. இடரக் கண்டா என்ன செய்யணும் எண்டு நம்மட விதியில தெளிவா இரிக்கி. அகற்றணும்."

அகற்றினார்கள். முகைதீன்பாவா தன் கடையை விட்டு இறங்கிக் கடற்கரைக்குப் போய், ஏற்றி வைத்திருந்த தோணி ஒன்றின் மறைவில் இருந்தார். வாழ்நாளில் பகல் வெளிச்சத்தில் அவர் கடலை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் சரீபா வந்து, தள்ளி அல்ல, பக்கத்திலேயே மணலில் இருந்தாள்.

"நீயும் தூக்கின என்ன?" என்றார் பாவா.

"ஓம், தூக்கின."

"அந்த வெடிப்பப் பத்தி என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னன். வெடிப்பப் பத்திச் சொன்னன், நீங்க இருமுறதப் பத்திச் சொன்னன், ஒரு நாளாவது விடிஞ்சாப் பொறகு எழும்புங்க எண்டு சொன்னன். கலியாணம் முடிச்ச காலத்தில இருந்து சொல்றன். நீங்க கேட்டீங்களா? சபையில சொன்னாக் கேட்டுத்தான் ஆகணும் எண்டு அந்தத் தம்பி சொன்னிச்சி. அதான் சபையில சொன்னன்."

பாவா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. சரீபா முந்தானையால் அவர் முதுகில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

கடன் வந்தது. கொழும்புத் தலைமையகம் மஜீட்டின் அறிக்கையை மற்றக் கிளைகளுக்கெல்லாம் அனுப்பி, இதைப் பார்த்துப் படியுங்கள் என்றதாம். சித்தி லைலா வெயிலில் குடையோடு நின்று ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்து வாங்கினாள். மேசன் ஒருநாள் சாந்தை அளவுக்கு மீறித் தண்ணியாகக் குழைத்தான் என்பதற்காக அவனைக் கூப்பிட்டு அரைமணி நேரம் ஏசினாள். அந்த ஏச்சு தனக்கு விழாதது பாவாவுக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. போறணை பள்ளிவாசலின் உச்சியிலுள்ள குப்பா மாதிரி அழகாக எழும்பியது.

திறப்பு விழாவுக்குத் தலைமையகப் பணிப்பாளர் ஒருவர் வந்தார். குளிர்தேசத்திலிருந்து காசு கொடுத்தவர்களின் ஆள் ஒருவரும் வந்து, வெயிலில் இறால் மாதிரிச் சிவந்துபோய் முன்வரிசையில் இருந்தார். பந்தலின் கடைசி வரிசையில், யாரோ ஓர் ஊர்க்காரனைப் போல, முகைதீன்பாவா இருந்தார்.

பணிப்பாளர் பேசினார். "இந்த நாட்டில் வங்கிகளுக்கு நட்டம் வருவதற்கு ஒரே காரணம் என்ன? கடன் வாங்குபவர்கள்! நாங்கள் எத்தனையோ திட்டம் கொண்டுவந்தோம். எல்லாத் திட்டத்துக்குள்ளும் கடைசியில் கடன் வாங்குபவன் ஒருவன் வந்து புகுந்துவிடுகிறான். ஆனால் கல்முனைக் கிளையைப் பாருங்கள். கடன் வாங்கியவரை முற்றாக அகற்றிவிட்டு வழங்கப்பட்ட முதலாவது கடன் இதுதான். இதில் இனி எந்த இடரும் இல்லை. இங்கே காற்று சுத்தமாக இருக்கிறது. புகையே இல்லை!"

பெரிய கைதட்டல். சிவந்த மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் மனேஜரிடம் கேட்டார். மனேஜர் மஜீட்டின் காதில் கேட்டார்.

"பாண் எங்க எண்டு கேக்கார்."

மஜீட் சபையைப் பார்த்தார். சபை ஒன்றையொன்று பார்த்தது. போறணைக்குள் நெருப்பு மூட்டவேயில்லை. மூட்டத் தெரிந்த ஆளை அகற்றியாகிவிட்டது.

மறுநாளே 'பாண் சுட அனுபவமுள்ள ஆள் தேவை' என்று கடைக் கதவில் எழுதி ஒட்டினார்கள். வந்த ஆள் ஒருவர்தான். நேர்முகப் பரீட்சை கடைக்குள் நடந்தது. சித்தி லைலா கேட்டாள். இந்த ஏழெட்டு வருசத்தில் அவள் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"ஒங்கட பேர்?"

"முகைதீன்பாவா."

"கடசியா எங்க வேல செஞ்ச?"

"இஞ்சதான்."

"ஏன் வெலகின?"

"வெலகல்ல. அகற்றினாங்க."

"காரணம்?"

"இடர்."

"சனத்தோட ஒழுங்காக் கதைப்பீங்களா?" என்று கனகேஸ்வரி கேட்டாள்.

பாவா வாயைத் திறந்து, பிறகு மூடி, பிறகு, "ஓம் தங்கச்சி," என்றார். கனகேஸ்வரி வியப்போடு தலையாட்டினாள். தவிசாளர் ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு வந்துவிடும் என்று முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அகற்றிய இடரைத் திரும்ப எடுக்கலாமா என்று மஜீட் மட்டும் குழம்பினார். கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "பிரச்சின இல்ல. சொந்தக்காரனா இருந்தாத்தான் இடர். சம்பளத்துக்கு நிண்டா மனித வளமாம்."

வேலைக்கு எடுத்ததும் மஜீட் தொழிலாளர் நலன் என்ற பகுதியை வாசித்துக் காட்டினார். எட்டு மணித்தியால வேலை. கிழமையில் ஒருநாள் லீவு. புகைக்கு முகத்தில் கட்டத் துணி. வருசத்துக்கொரு தடவை டொக்டரிடம் காட்ட வேண்டும். முதலாளி ஏசினால் முறையிட ஒரு பெட்டி.

"இதெல்லாம் ஆருக்கு?" என்றார் பாவா.

"ஒங்களுக்குத்தான் காக்கா."

"அப்ப இவ்வளவு காலமும்?"

"இவ்வளவு காலமும் நீங்க முதலாளியெல்லோ. முதலாளிக்கு இதொண்டும் இல்ல."

பாவா அன்றைக்கே வேலைக்கு இறங்கினார். சாய்ந்தமருதுக்குப் போன வேலையாளும் திரும்பி வந்தான். பாவாவுக்கு லீவு வருகிற வெள்ளிக்கிழமைகளில் அவன் சுட்டான். ஊருக்குப் பாண் வந்தது. கனகேஸ்வரியின் புருசன் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். இருமலுக்கு டொக்டர் மருந்து கொடுத்தார், சபைச் செலவில்.

ஒரு மாதம் தவணை பிந்தியது. மனேஜர் நல்லரெத்தினமே நேரில் வந்தார். பாவா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மா பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன பாவா, இந்த மாசம் இன்னும் கட்டல்லயே?"

"நான் சம்பளத்துக்கு நிக்கிறவன் சேர். சபையக் கேளுங்க."

"மா விலை ஏறிட்டாமே?"

"அப்பிடியா சேர்? எனக்குத் தெரியா. மா வந்தாப் பிசைவன்."

மனேஜர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாவாவின் கன்னம் உப்பியிருந்தது. நிறம் வந்திருந்தது. ஏதோ ஒரு பைத்துப் பாட்டைக் கூட வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மனேஜர் பேங்குக்குத் திரும்பி வந்து, தன் கதிரையில் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தாராம்.

பாவாவைப் பார்த்தவர் அவர் மட்டுமல்ல. ஜும்ஆ முடிந்து வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழும்பி, மினுக்கின சாரனோடு சந்தாங்கேணி மைதானத்தில் பந்தடி பார்த்துக்கொண்டு கச்சான் கடலை கொறிக்கிற பாவாவை, கல்முனை பசாரே பார்த்தது. புடவைக்கடை முதலாளி கடை வாசலில் நின்று பார்த்தார். இரும்புக்கடை முதலாளி கடனும் காசோலையுமாகக் குழம்பிய தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள் பக்கத்தில் வந்திருந்து ரகசியமாகக் கேட்டார்.

"பாவா, இத எப்பிடிச் செஞ்ச?"

"நான் ஒண்டும் செய்யல்ல. மஜீட் தம்பிக்கிட்டப் போங்க."

அடுத்த திங்கட்கிழமை பேங்க் திறக்க முன்னரே வாசலில் வரிசை நின்றது. பசாரில் உள்ள முதலாளிமார் பாதிப் பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவரோடு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி ஓர் உறவுக்காரர்.

"தம்பி, இந்தா இவன் என்ட மச்சான். பதினொரு வருசமாக் கதையில்ல. என்ட தலையில கல்லப் போடக் காத்திருக்கான். சுயாதீனம்!" என்றார் புடவைக்கடைக்காரர்.

"என்னப் பாருங்க தம்பி," என்று இரும்புக்கடைக்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "கணக்கே எழுதுறல்ல. ஆர்ர சொல்லும் கேக்கிறல்ல. நான்தான் இந்த பசார்லயே பெரிய இடர். வேணுமெண்டா பொண்டாட்டியக் கேளுங்க."

"அவர விட நான் மோசம் தம்பி!" என்று பின்னாலிருந்து இன்னொருவர் கத்தினார்.

மஜீட் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு எழுத எழுத, வரிசை வீதியால் நீண்டு தபால் கந்தோரைத் தாண்டியது. மத்தியானமாகும் நேரம் அவர் நிமிர்ந்து, இன்னும் எவ்வளவு பேர் என்று எட்டிப் பார்த்தார். வரிசையின் கடைசியில், அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, மனேஜர் நல்லரெத்தினம் நின்றார்.

"சேர், நீங்க ஏன்..."

"எழுதுங்க தம்பி," என்றார் நல்லரெத்தினம். "காரைதீவில என்னோட கதைக்காத மச்சாள் ஒருத்தி இருக்கா. அவவக் கூட்டிட்டு வர ஆள் அனுப்பியிருக்கன்."